வாடிக்கு அப்பால் ஒன்று, இப்பால் ஒன்று

“ஓடுங்கோ! பனங்கூடலுக்குள்ள ஓடுங்கோ!”

ஓடுகிறோம். மணல். கால் புதைகிறது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறோம். முன்னால் பனங்கூடல், அடர்ந்த பனந்தோப்பு. அதற்குள் புகுந்துவிட்டால் போதும். கடலில் நிற்கிற கப்பலில் ஒரு வெளிச்சம் மின்னியதை யாரோ கண்டு கத்தினார்கள். எங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை அவ்வளவுதான்.

தலைக்கு மேலே கிழிகிற சத்தம். புதுச் சேலையைக் கிழிப்பது போல, நீளமாக. பனங்கூடல் எழும்புகிறது. மரங்கள் வேரோடு எழும்பியதைக் கண்டேன். அதற்குப் பிறகுதான் கடலிலிருந்து ‘டும்’ என்று வந்தது. முதலில் குண்டு. பிறகு சத்தம். சத்தம் கேட்டதும் ஓடியிருக்கலாமே என்று சினிமா பார்த்துவிட்டுச் சொல்பவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள்.

1990. ஆவணி. மாதா திருநாள் முடிந்த கிழமை. காலை, வெயில் ஏறுகிற நேரம். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். அங்கே இன்னும் எங்கள் சனம் இருக்கிறது. கப்பல் யாருடையது என்றும் எழுத மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். கரையிலிருந்து பார்க்கத் தீப்பெட்டி அளவு. சாம்பல் நிறம். முன்பக்கம் ஒரு பீரங்கி.

பனங்கூடல் எரிகிறது. இனி அங்கே போக முடியாது. சனம் அப்படியே கடற்கரைப் பக்கம் திரும்புகிறது. வள்ளங்களுக்குப் பின்னால் படுக்கலாம். மறுபடி வெளிச்சம். மறுபடி கிழிகிற சத்தம். இந்த முறை தண்ணீரில். கரையோரம், முழங்கால் ஆழத்தில். கடல் வெள்ளையாக எழுந்து நின்றது. சேறும் மீனும் எங்கள் மேல் விழுந்தன.

முன்னால் நெருப்பு. பின்னால் கடல். நடுவில் வாடி. வலைகளும் படகு இயந்திரங்களும் வைக்கிற பெரிய கட்டடம் அது. சுண்ணாம்பு அடித்த சுவர். அந்த வருஷம்தான் கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தோம். வெயிலில் கண் கூசும்.

“வாடிக்குள்ள வாங்கோ! எல்லாரும் நடுவுக்கு வாங்கோ! கடலில நிண்டு அடிக்கிறவனுக்குக் குறி இராது!”

என் அண்ணனின் குரல். அன்ரன். கரைவலைச் சம்மாட்டி, வலைக்கு முதலாளி. கரைவலை என்றால் ஊரே கயிற்றைப் பிடித்துக் கரையில் நின்று இழுக்கிற வலை. அண்ணன் ‘இழு’ என்றால் ஊர் இழுக்கும். ‘விடு’ என்றால் விடும். ஏன் என்று கேட்டுக்கொண்டு நின்றால் வலை கிழியும், மீன் போய்விடும். அதனால் எங்கள் ஊரில் அந்தக் குரலை யாரும் கேள்வி கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

அவருடைய கணக்கு இதுதான். தண்ணீரில் நிற்கிற எதுவும் ஆடும். முன்பக்கத்து அணியம் எழும்பும்போது எறிந்தால் தூரப் போய் விழும். தாழும்போது எறிந்தால் கிட்ட விழும். படகில் நின்று தூண்டில் எறிந்தவர் எல்லாருக்கும் இது தெரியும். ஒன்று வாடிக்கு அப்பால் விழுந்துவிட்டது. ஒன்று இப்பால் விழுந்துவிட்டது. அவன் கப்பல் ஊஞ்சல் ஆடுகிறது. அப்படியென்றால் நடுப்பகுதிதான் தப்பும். பிறந்ததிலிருந்து கடலில் கிடந்தவரின் கணக்கு. அதில் பிழை பிடிக்க எங்களில் யாருக்கும் வக்கில்லை.

சனம் உள்ளே போகிறது. அண்ணன் வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே தள்ளுகிறார். பெனடிக்ற் அத்தான் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு வருகிறார். அவர் எங்கள் மூத்தவர் செலின் அக்காவின் புருஷன். மகள் டிலானி. சின்னவன் றொஷான். அவனை ஊரில் யாரும் றொஷான் என்று கூப்பிட்டதில்லை. எம்டன் என்றால்தான் தெரியும். குழப்படிக்காரப் பிள்ளைக்கு எங்கள் பக்கம் வைக்கிற பேர். பேர் வைத்ததும் அண்ணன்தான்.

நான் கடைசி. எனக்கும் வாசலுக்கும் இடையில் ஒரு வள்ளத்தின் நீளம் இருந்தது. “றெஜி, கெதியா வா!” என்று கத்திக்கொண்டு அண்ணன் வாசலை விட்டு என்னை நோக்கி வந்தார். அதனால்தான் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம்.

மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது.

சத்தம் எனக்கு நினைவில்லை. சத்தம் நின்றுபோனதுதான் நினைவு. இடது காது அன்றோடு சரி. கண்ணைத் திறந்தபோது தகரம் வானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக. அண்ணனின் வாய் திறந்து திறந்து மூடியது. என்ன கத்தினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

செலின் அக்கா அன்று மருந்து எடுக்கப் பட்டணத்துக்குப் போயிருந்தார். பின்னேரம் வந்தார். வாடி இருந்த இடத்தைப் பார்த்தார். அழவில்லை. “ஆர் இதுக்குள்ள கூப்பிட்டது?” என்று மட்டும் கேட்டார். சனம் அண்ணனைப் பார்த்தது. அண்ணன் மறுக்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா அவரோடு ஒரு சொல் பேசவில்லை.

நான் 1992 இல் கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தேன். பிஸ்கட்டவே என்ற ஊர். கணவருக்கு மருந்துக் கம்பனியில் வேலை. அக்கா வேறு வழியாக வந்து ஜெர்சி சிட்டியில் இருக்கிறார். எந்த வழி என்று எழுத அவர் விடவில்லை. அண்ணன் 1995 இல் வந்தார். எங்கள் பேஸ்மென்டில் இருக்கிறார். காஸ் ஸ்டேஷனில் வேலை. ஊரையே இழுக்க வைத்த குரல் இப்போது “ஃபில் இட் அப்?” என்று கேட்கிறது. அதுவும் மெதுவாக.

கடல் தாண்டி வந்தால் பகை கரைந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கரையாது. டர்ன்பைக் நெடுஞ்சாலையில் அரை மணி நேர டிரைவ்தான் அக்கா வீடு. அவர் என் வாசலை மிதித்ததில்லை. “அந்த ஆளை வெளிய விட்டிட்டு எனக்கு கோல் பண்ணு” என்பார். ஆள். தம்பி என்றுகூட வாயில் வராது.

ஒவ்வொரு ஆவணியிலும் எங்கள் ஊர்க்காரர் எடிசனில் ஒரு கத்தோலிக்கக் கோவில் ஹாலை வாடகைக்கு எடுத்து நினைவுப் பூசை வைப்போம். பூசை முடிய, இறந்தவர்களின் பெயர்களை மைக்கில் வாசிக்க வேண்டும். இழந்த வீட்டுக்காரர் ஒருவர்தான் வாசிக்கலாம். அது எங்கள் வழக்கம். வருஷாவருஷம் அக்காதான் வாசிப்பார். அண்ணன் என்னையும் சாப்பாட்டையும் காரில் கொண்டுவருவார். புட்டும் மீன்குழம்பும் இருக்கிற அலுமினியத் தட்டங்களை வாசல்வரை தூக்கி வந்து வைப்பார். உள்ளே வர மாட்டார். காருக்குத் திரும்பிப் போய் எஞ்சினையும் ஏசியையும் போட்டுக்கொண்டு இருப்பார். அவர் கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிடுகிற சனம்தான் அவருக்குப் பேரும் வைத்திருந்தது. ‘கூப்பிட்டுச் சாக்காட்டினவன்.’

“அம்மா, வை இஸ் மாமா ஸ்டில் இன் த கார்?” என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். பார்க்கிங் பிரச்சினை என்று சொன்னேன்.

எனக்குக் கோபம் இருந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அது 2000 ஆம் வருஷம் வசந்த காலத்தில் தெரிந்தது.

நான் ஒரு காதுப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். ஒற்றைக் காதுக்காரி ஊராரின் காதைச் சோதிக்கிறாள். சிரிக்கலாம். நானே சிரித்திருக்கிறேன். வேலை இப்படி. நோயாளி கண்ணாடி அறைக்குள் இருப்பார். காதில் ஹெட்போன், கையில் பட்டன். நான் வெளியே, ஒரு குமிழில் கை வைத்துக்கொண்டு. முதலில் உரத்த ஒலி அனுப்புவேன். கேட்கும். பட்டனை அமுக்குவார். குறைப்பேன். இன்னும் குறைப்பேன். கேட்காது. கொஞ்சம் கூட்டுவேன். கூடுதல் ஒன்று, குறைச்சல் ஒன்று. இடைவெளியைக் குறுக்கிக் குறுக்கி அவருடைய காதின் எல்லையைப் பிடிப்பேன். வருஷக்கணக்காகச் செய்கிறேன். கை தானாகவே போகும்.

அன்று ஒரு கிழவர் வந்தார். வெள்ளைக்காரர். பெயர் ஹாரல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையில் நீலத் தொப்பி. அதில் தங்க நூலால் ஒரு போர்க்கப்பல். போர்க்கப்பலைத் தலையில் சூடிக்கொண்டு திரிகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. முகத்தில் காட்டாமல் சிரித்தேன். இந்த நாட்டில் அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

இடது காது முடிந்தது. தண்ணீர் குடிக்க வெளியே வந்தார். கண்ணாடி வழியாக என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். செவிடர்களுக்கே உரிய உரத்த குரலில் சிரித்தார். அவர் பேசிய இங்கிலீஷை என் தமிழில் எழுதுகிறேன்.

“யங் லேடி, நீ என் காதைச் சுட்டாய். ஒன்று தாண்டி, ஒன்று முன்னால், பிறகு நடுவில். நாங்களும் இதைத்தான் செய்தோம். பீரங்கியால்.”

குமிழிலிருந்து கையை எடுத்தேன்.

அவர் நிறுத்தவில்லை. தொப்பியைக் கழற்றிக் காட்டினார். இரண்டாம் உலகப் போரில் அவசரம் அவசரமாகக் கட்டிய இலகு குரூசர் வகைப் போர்க்கப்பல். ஒரே வரைபடம். இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகரத்தின் பெயர். பல இந்த மாநிலத்திலேயே, டெலவேர் ஆற்றங்கரையில் கட்டியவை. முன்னால் இரண்டு பீரங்கிக் கூண்டு, பின்னால் இரண்டு. கூண்டுக்கு மூன்று குழல். மொத்தம் பன்னிரண்டு. பெரும்பாலும் எல்லாவற்றையும் பிறகு பழைய இரும்புக்கு வெட்டிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை.

இலகு என்றால் என்ன என்று கேட்டேன். கனரகக் குரூசருக்குக் குழல் வாய் எட்டு அங்குலம், தங்களுடையது ஆறு, அதனால் இலகு என்றார். ஆறு அங்குல வாயுள்ள பன்னிரண்டு பீரங்கிகளுக்கு ‘இலகு’ என்று பேர் வைத்தவன் ஒருநாளும் கரையில் நின்றிருக்க மாட்டான்.

எம்டன் தெரியுமா என்றேன். உடனே முகம் மலர்ந்தது. முதலாம் போரில் சென்னையைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். அதுவும் இலகு குரூசர்தான், எங்களுக்கு முந்திய தலைமுறை என்றார். சுட்டுவிட்டுப் போனவனின் பேரைப் பிள்ளைக்குச் செல்லப் பேராக வைக்கிற சனம் நாங்கள். வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்?

கிழவருக்கு வேலை கப்பல் கம்பத்தின் உச்சியில். தூரக் கண்ணாடி வைத்து, குண்டு விழுகிற இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பசிபிக்கில் தீவு தீவாகச் சுட்டிருக்கிறார்கள். முதல் குண்டு இலக்குக்கு அப்பால். இரண்டாவது இப்பால். இலக்கு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்று இப்போது தெரியும். பாதியாக்கு. பிறகு நிறுத்தாமல் அடி.

“கரையில் எதைப் பார்த்துக் குறி வைப்பீர்கள்?”

“கண்ணில் படுவதை. வெள்ளைச் சுவர். மினுங்குகிற கூரை.”

மினுங்குகிற கூரை. நாங்கள் காசு சேர்த்துப் போட்ட தகரம்.

“கப்பல் ஆடுமே” என்றேன். என் குரல் எனக்கே அண்ணனின் குரலாகக் கேட்டது. “ஆடுகிற கப்பலில் குறி எப்படி நிற்கும்?”

நல்ல கேள்வி என்று மகிழ்ந்துபோனார். தங்கள் கப்பலின் வயிற்றில் சுழல்கிற ஒரு கருவி இருந்ததாம். தளம் மட்டமாக வருகிற கணத்தில்தான் பீரங்கி வெடிக்கும். சின்னப் படகில் அந்தக் கருவி இல்லையே என்றேன். “தேவையில்லை. எந்த ஆட்டமும் நடுவைக் கடந்துதான் போக வேண்டும். நல்ல பீரங்கிக்காரன் அந்த நடுவுக்காகக் காத்திருப்பான்.”

எங்களைச் சுட்ட கப்பல் குரூசர் இல்லை. அதன் கால் தூசிக்கும் வராது. ஆனால் வித்தை ஒன்றுதான். அண்ணனுக்குக் கடல் தெரியும். கடலில் நின்று எறிகிறவனைத் தெரியாது. முதல் இரண்டும் தவறிய குண்டுகள் இல்லை. முழம் போட்டுப் பார்த்தது. வாடியை அளந்தார்கள். அளந்து முடித்த வாடிக்குள்தான் எங்கள் சனம் போனது.

“உன் வீட்டில் யாராவது நேவியா?” என்று கேட்டார்.

“இல்லை. நாங்கள் கரை.”

அவருக்கு விளங்கியது. தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். எத்தனை பேர் என்று கேட்டார். சொன்னேன். செவிடருக்குக் கேட்கவில்லை. கையைக் காதில் குவித்தார். இன்னொரு முறை, கத்திச் சொன்னேன். வெளியே காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

வலது காது பாக்கி இருந்தது. அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். குமிழ் என் கையில். முழுக்கத் திருகிவிட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றியதை மறைக்க மாட்டேன். திருகவில்லை. நல்லவள் என்பதற்காக அல்ல. அந்தக் காதில் கெடுவதற்கு இனி ஒன்றுமில்லை என்று அதற்குள் தெரிந்துவிட்டது.

அன்றே அக்காவுக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் அக்கா என்றேன்.

“அவன் கூப்பிடாட்டி என்ர பிள்ளையள் இருந்திருக்குங்கள்தானே? உன்ர கிழவன்ர கதை அதை மாத்துமோ?”

மாற்றாது.

“பழமொழி சொல்லுறாய் எனக்கு” என்று போனை வைத்தார்.

அண்ணனிடம் சொல்ல எனக்கு ஆவணி வரை தைரியம் வரவில்லை. பத்தாவது வருஷம். எடிசன். தட்டங்களை வாசலில் வைத்துவிட்டு அவர் காருக்குத் திரும்பினார். நானும் பின்னால் போய் முன் சீட்டில் ஏறினேன். உள்ளே பூசை முடிகிற மணி கேட்டது.

“அண்ணை, முதல் ரெண்டும் தவறின குண்டு இல்லை. அளந்தவங்கள்.”

கிழவர் சொன்னதைச் சொன்னேன். அண்ணன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“வாடியத்தான் பாத்தவங்களோ?”

“ஓம். முதலில இருந்தே.”

“அப்ப நெருப்பைச் சுத்திக்கொண்டு பனங்கூடல் பக்கமே ஓடியிருந்தா?”

பொய் சொல்லலாம் என்று வந்தேன். வாய் வரவில்லை. “தப்பியிருப்பினம்.”

ஏசி இரைந்துகொண்டிருந்தது. அவரை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் முகம் மெல்ல மெல்லக் கறுத்தது. அது துக்கம் இல்லை. பத்து வருஷமாக நான் அந்த முகத்தில் காணாத ஒன்று. கோபம்.

“நான் கடலையெல்லோ திட்டிக்கொண்டு திரிஞ்சன். கடல் என்னை ஏமாத்திப்போட்டுது எண்டு.”

எஞ்சினை நிறுத்தினார். இறங்கினார். கதவைக்கூடச் சாத்தவில்லை. நானும் பின்னால் ஓடினேன்.

ஹாலுக்குள் அக்கா மைக்கைக் கையில் எடுத்திருந்தார். அண்ணன் நடுவால் நடந்து போனார். கதிரைகள் கிரீச்சிட்டன. யாரோ குழந்தையை இழுத்து மடியில் வைத்தார்கள்.

“வெளிய போ!”

அக்கா மைக்கில் கத்தினார். ஸ்பீக்கர் ஊளையிட்டது. என் நல்ல காதும் அடைத்தது.

அண்ணன் போகவில்லை. மைக் கேட்கவும் இல்லை. “நான் கூப்பிட்டனான். என்ர குரலுக்குத்தான் வந்தவை. அவையின்ர பேரை நான்தான் கூப்பிட வேணும்” என்றார். சொல்லிவிட்டுச் சம்மாட்டிக் குரலில் கூப்பிட்டார். கரையிலிருந்து கடலுக்குக் கேட்கிற குரல். பத்து வருஷமாக நான் கேட்காத குரல்.

சூசையப்பு. மரியம்மா. அவரின் பேத்தி ஜெனி. அக்கா வாசிக்கிற வரிசை அது இல்லை. எனக்குப் பிறகுதான் உறைத்தது. வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே தள்ளிய வரிசை. ஒருவரும் விடுபடவில்லை. ஒருவரும் முன்பின் மாறவில்லை. பெனடிக்ற் அத்தான் வந்தார். டிலானி வந்தாள். கடைசிப் பேர் வந்தபோது அண்ணனின் வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது. அவர் வைத்த பேரைப் பூசை மண்டபத்தில் சொல்ல முடியவில்லை. மற்றப் பேர் அவர் நாவுக்குப் பழக்கமில்லை.

அக்கா மைக்கைத் தூக்கினார். “றொஷான்” என்றார். பிறகு மைக்கைத் தாழ்த்திக்கொண்டு, “எம்டன்” என்றார்.

அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மைக்கை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். அண்ணன் காதில் விழும்படியாகத்தான் சொன்னார். “இனிமேல் அவனே கூப்பிடட்டும். நான் அவனோட கதைக்க மாட்டன்.”

இன்றுவரை கதைக்கவில்லை. நான் இதை 2001 இல் எழுதுகிறேன். நீங்கள் மறக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் எங்கள் வீட்டு விஷயம். மறக்காமல் இருப்பது உங்கள் வேலை.

கணக்கு இது.

வாடிக்குள் போனவர்கள் பதினான்கு பேர். திரும்பி வந்தவர் ஒருவரும் இல்லை. அவர்களில் பிள்ளைகள் ஐந்து. எங்கள் வீட்டில் மூன்று. கரைவலை இரண்டும் எரிந்தன. இயந்திரம் நான்கு. வள்ளம் ஒன்று. பனைகளை யாரும் எண்ணவில்லை. என் இடது காது. அண்ணனின் குரல், பத்து வருஷம். அக்காவுக்கு ஒரு தம்பி.

சுட்ட குண்டுகள் ஐந்து. தவறியது ஒன்றுமில்லை.